தூரம் பாதி, சந்தேகம் பாதி

ஒரு பொருள் விற்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்குப் போய்ச் சேர இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். ஒன்று தூரம். மலை, பாலைவனம், கடல், எல்லைச் சாவடி எல்லாம் இதில் அடக்கம். இன்னொன்று சந்தேகம். பணம் கொடுத்தால் சரக்கு வருமா, சரக்கு அனுப்பினால் பணம் வருமா என்கிற சந்தேகம். முதல் தடையைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். ஆற்றங்கரையில் நகரம் வளரும், துறைமுகம் இருந்தால் வணிகம் பெருகும் என்று புவியியல் பாடம் சொல்லிக்கொடுத்துவிடும். இரண்டாவதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஆனால் ஒரு நாடு செழிப்பதும் பக்கத்து நாடு திணறுவதும் ஏன் என்று புரிய வேண்டுமானால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எளிதானதிலிருந்து தொடங்கலாம்.

தண்ணீர் தரும் சலுகை

1776-ல் ஆடம் ஸ்மித் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 200 டன் சரக்கைக் கடல் வழியே கொண்டுபோக ஆறு அல்லது எட்டு ஆட்கள் உள்ள கப்பல் போதும். அதையே சாலையில் கொண்டுபோக 50 வண்டி, 100 ஆள், 400 குதிரை வேண்டும். அத்தனை குதிரைக்கும் வழி நெடுகத் தீனி போட வேண்டும். பாய்மரத்துக்குக் காற்று இலவசம்.

அமெரிக்காவில் 1825-ல் எரி கால்வாய் திறக்கப்பட்டது. அதற்கு முன் பஃபலோவிலிருந்து நியூயார்க் நகரத்துக்கு ஒரு டன் சரக்கு அனுப்பச் சுமார் 100 டாலர் ஆகும். கால்வாய் வந்த பிறகு அது ஏறத்தாழ 10 டாலருக்கு இறங்கியது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் வணிகர்களுக்குப் பஃபலோ பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வணிகத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை, செலவில் அளக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பின்னால் வருவதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

இந்தச் சலுகை எல்லா நாட்டுக்கும் கிடைப்பதில்லை. உலகில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கடற்கரையே கிடையாது. அவற்றில் 32 வளரும் நாடுகளை ஐ.நா. தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது. லிமாவோ, வெனபிள்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கன்டெய்னரைக் கடலில் கூடுதலாக 1,000 கிலோமீட்டர் அனுப்ப 190 டாலர் ஆகிறது. தரையில் அதே தூரத்துக்கு 1,380 டாலர். ஏழு மடங்கு.

எத்தியோப்பியாவை எடுத்துக்கொள்வோம். 1993-ல் எரித்திரியா தனி நாடாகப் பிரிந்தபோது எத்தியோப்பியாவின் கடற்கரை முழுவதும் அதோடு போய்விட்டது. அசாப், மசாவா என்ற இரண்டு துறைமுகங்களும் எல்லைக்கு அந்தப் பக்கம். ஆனாலும் உடனே வணிகம் நின்றுவிடவில்லை. இரு அரசுகளுக்கும் அப்போது நல்லுறவு இருந்ததால் அசாப் வழியே சரக்கு போய்வந்துகொண்டிருந்தது. 1998-ல் இரண்டுக்கும் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. அதன் பிறகு எத்தியோப்பியாவின் கடல் வணிகம் ஏறக்குறைய முழுவதும் ஜிபூட்டி என்ற சின்ன நாட்டின் வழியே நடக்கிறது. அதற்காகச் சுமார் 750 கிலோமீட்டர் நீள மின்சார ரயில் பாதை ஒன்றைப் போட்டு 2016-ல் திறந்தார்கள். வரைபடத்தில் அசாப் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. உறவு முறிந்ததால் அது கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

சரி, சுவிட்சர்லாந்துக்கும்தான் கடற்கரை இல்லை, அது மட்டும் எப்படிப் பணக்கார நாடானது என்று கேட்கலாம். பாசல் நகரத்திலிருந்து ரைன் நதி வழியே படகில் ராட்டர்டாம் துறைமுகத்துக்குப் போய்விடலாம் என்பது ஒரு காரணம். அந்த நதியில் கப்பல் போக்குவரத்து தடையின்றி நடக்க வேண்டும் என்று கரையோர நாடுகள் 1868-ல் மான்ஹைமில் ஒப்பந்தம் செய்துகொண்டன. அது இன்றும் நடப்பில் இருக்கிறது. அப்புறம், சுற்றியிருக்கும் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூன்றும் வசதியான வாடிக்கையாளர்கள். போதாக்குறைக்குச் சுவிட்சர்லாந்து விற்பது கைக்கடிகாரமும் மருந்தும். எடை குறைவு, விலை அதிகம். லாரி வாடகை அதில் உறைக்காது. ஆக, கடற்கரை இல்லாதது ஒரு குறைதான். ஆனால் அந்தக் குறை எவ்வளவு வலிக்கும் என்பதைப் பக்கத்து நாடுகள்தான் தீர்மானிக்கின்றன.

வணிகத்துக்கும் ஓர் ஈர்ப்பு விதி

1962-ல் நெதர்லாந்துப் பொருளியலாளர் யான் டின்பெர்கன் நியூட்டனின் விதியைப் போன்ற ஒரு சமன்பாட்டை வணிகத்துக்குப் பொருத்திப் பார்த்தார். இரண்டு நாடுகளின் பொருளாதாரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு அதிகமாக அவை வணிகம் செய்யும். எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு குறைவாகச் செய்யும். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் பொருளியலில் இந்த அளவுக்குத் தரவுகளோடு ஒத்துப்போகும் சமன்பாடுகள் மிகக் குறைவு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் 103 கட்டுரைகளிலிருந்து 1,467 கணக்கீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். தூரம் 10 விழுக்காடு கூடினால் வணிகம் சராசரியாக 9 விழுக்காடு குறைகிறது என்று தெரிந்தது.

இங்கேதான் ஒரு புதிர். 1956 ஏப்ரலில் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 கன்டெய்னர்களோடு நியூஆர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. அதுவரை மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆகிக்கொண்டிருந்தது. அந்தப் பயணத்தில் டன்னுக்கு 16 சென்ட்டுக்கும் குறைவாகத்தான் ஆனது. அதன் பிறகு விமானச் சரக்கு, தொலைபேசி, இணையம் என்று எல்லாம் வந்துவிட்டன. தூரத்தின் பிடி தளர்ந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த 1,467 கணக்கீடுகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கொஞ்சம் இறுகிய பிடி, அதன் பிறகு தளரவே இல்லை.

இந்தப் புதிரை அவிழ்க்க ஒரு துப்பு சூயஸ் கால்வாயில் கிடைத்தது. 1967 ஜூனில் போர் காரணமாக அது மூடப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து 1975 ஜூனில்தான் திறந்தார்கள். அந்த எட்டு ஆண்டும் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே போன கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. பொருளியலாளர் ஜேம்ஸ் ஃபெய்ரர் இதில் ஒரு நல்ல வாய்ப்பைக் கண்டார். நாடுகளின் மொழி, பழைய தொடர்புகள், ரசனை எதுவும் மாறவில்லை. கடல் தூரம் மட்டும் திடீரென்று கூடியது, பிறகு திடீரென்று குறைந்தது. வணிகம் எவ்வளவு அடிபட்டது? அடிபட்டது உண்மை. ஆனால் வழக்கமான ஈர்ப்புக் கணக்கு சொல்வதில் ஏறக்குறைய பாதிதான்.

அதாவது, தூரத்தின் பாதிப்பு என்று நாம் நினைப்பதில் பாதிதான் கப்பல் வாடகையும் பயண நாளும். மீதிப் பாதி வேறு ஏதோ. தூரத்தில் இருப்பவரைப் பற்றி நமக்குத் தெரியாது, அவர் மொழி தெரியாது, ஏமாற்றினால் யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியாது.

எட்டாத தூரத்தில் ஒருவரை நம்புவது

பழைய கெய்ரோவின் ஃபுஸ்டாட் பகுதியில் பென் எஸ்ரா என்ற யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. கடவுளின் பெயர் எழுதியிருக்கக்கூடிய தாளை அழிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் பழைய தாள்களை ஓர் அறையில் போட்டுவைத்தார்கள். பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த அந்தக் குவியலின் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜுக்குப் போனது. பிரித்துப் பார்த்தால் சமய ஏடுகளோடு கடைக்கணக்கும் வணிகக் கடிதங்களும் ஏராளம். அவற்றில் 11-ஆம் நூற்றாண்டின் மக்ரிபி வணிகர்கள், அதாவது வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட யூத வணிகர்கள், எழுதிய கடிதங்கள் நம் விஷயத்துக்குத் தங்கச் சுரங்கம்.

ஃபுஸ்டாட்டில் இருக்கும் ஒருவர் துணி நெய்ய உதவும் ஆளி நார்ப் பொதிகளைச் சிசிலிக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் தானே கூடப் போக முடியாது. பலெர்மோவில் இருக்கும் இன்னொரு வணிகர் அவருக்காக விற்றுக் கொடுப்பார். சில மாதம் கழித்து, ‘பொதி கடலில் நனைந்துவிட்டது, பாதி விலைக்குத்தான் போயிற்று’ என்று ஒரு கடிதம் வருகிறது. உண்மையா, புளுகா? நடுவில் மத்தியதரைக் கடல். நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. இந்தச் சந்தேகம் ஒன்றே போதும், அடுத்த பொதியை அனுப்பாமல் இருக்க.

அவர்கள் கண்டுபிடித்த தீர்வு அந்தக் கடிதங்களிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் சொந்த விஷயம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் எந்தக் கப்பல் வந்தது, யார் வந்து இறங்கினார், எது என்ன விலைக்குப் போகிறது, யார் யாருக்குப் பாக்கி வைத்திருக்கிறார் என்ற ஊர்ச் செய்தி. அதே வாரம் பலெர்மோவிலிருந்து வேறொருவர் வேறொருவருக்கு எழுதிய கடிதத்தில் ஆளி நார் நல்ல விலைக்குப் போகிறது என்று இருந்தால் புளுகு வெளிப்பட்டுவிடும். பிறகு ஏமாந்தவர் மட்டுமல்ல, கூட்டத்தில் ஒருவரும் அந்த ஆளிடம் சரக்கை ஒப்படைக்க மாட்டார்கள். ஒரு பொதியில் அடித்த காசுக்காக வாழ்நாள் பிழைப்பையே இழக்க வேண்டும். பொருளியலாளர் அவ்னர் கிரைஃப் 1989-ல் இந்தக் கடிதங்களை இப்படித்தான் படித்துக் காட்டினார். ஜெரமி எட்வர்ட்ஸ், ஷெய்லா ஓகில்வி போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. அந்த வணிகர்கள் நீதிமன்றத்துக்கும் போனார்கள், எழுத்து ஒப்பந்தமும் போட்டார்கள் என்று அதே கடிதங்களிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள். எனக்கென்னவோ இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. வழக்குப் போட முடியும் என்பதால் பேர் கெடுவதைப் பற்றிய பயம் குறைந்துவிடுமா என்ன?

தமிழில் ‘நாணயம்’ என்றால் காசு என்றும் பொருள், வாக்குத் தவறாமை என்றும் பொருள். மக்ரிபி வணிகர்களிடம் இரண்டாவது நாணயம்தான் முதல் நாணயத்தைக் கடல் கடந்து கொண்டுபோனது.

எல்லாப் பொருளுக்கும் இந்த நம்பிக்கை ஒரே அளவில் தேவைப்படாது. செம்பு, கோதுமை போன்றவற்றுக்குத் தரமும் சந்தை விலையும் வெளிப்படை. யாரிடம் வாங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். துணி, இயந்திரம், மரச்சாமான் அப்படி இல்லை. நல்லதா மட்டமா என்று கையில் வந்த பிறகுதான் தெரியும். ரவுக், டிரிண்டேட் என்ற இருவர் உலகெங்கும் பரவியிருக்கும் சீன வம்சாவளியினரை வைத்து 2002-ல் செய்த ஆய்வில் இது பளிச்சென்று தெரிந்தது. இரு நாடுகளிலும் அவர்கள் கணிசமாக இருந்தால் வணிகம் கூடியது, அதுவும் இந்த இரண்டாம் வகைப் பொருட்களில்தான் அதிகமாகக் கூடியது.

காற்று உறவைக் கொண்டுவந்த கதை

இதுவரை புவியியலையும் உறவையும் இரு தனித் தடைகளாகவே பேசினேன். ஆனால் முதலாவதே இரண்டாவதை உண்டாக்கியதும் உண்டு. இந்தியப் பெருங்கடலின் பருவக்காற்று அதற்கு நல்ல உதாரணம்.

கோடையில் காற்று தென்மேற்கிலிருந்து வீசும், குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து. அரேபியாவிலிருந்து குளிர்காலக் காற்றைப் பிடித்து ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு வந்த பாய்மரக் கப்பல், விற்று முடித்த மறுநாளே திரும்பிவிட முடியாது. காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் வந்த இடத்தில் தங்கினார்கள். தங்கிய இடத்தில் மொழி கற்றார்கள், கூட்டாளி பிடித்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். கில்வா, மொம்பாசா போன்ற துறைமுகங்கள் அப்படித் தழைத்தன. அங்கே வளர்ந்த சுவாகிலி, பாண்டு மொழிக் குடும்பத்தில் பிறந்து அரபுச் சொற்களை வாரிக்கொண்ட மொழி. அதன் பெயரே ‘கடற்கரைகள்’ என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

இன்றைய மலேசியாவில் இருக்கும் மலாக்காவும் இப்படித்தான். இரண்டு பருவக்காற்றுகளும் சந்திக்கும் இடத்தில், குறுகலான நீரிணையின் ஓரத்தில் அமைந்த ஊர். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இருந்த போர்ச்சுகீசியர் டோமே பிரெஸ், துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்தார். எண்ணிக்கையில் கொஞ்சம் கூட்டியிருக்கலாம், போகட்டும். அதைவிடச் சுவையான செய்தி, மலாக்கா சுல்தான்கள் ஷாபந்தர் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நான்கு பேரை வைத்திருந்தார்கள் என்பது. குஜராத்திகளுக்கு மட்டும் ஒருவர். சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்களுக்கு ஒருவர். சாவகம் (ஜாவா), மலுக்குத் தீவுப் பக்கத்தவர்களுக்கு ஒருவர். சீனர்களுக்கு ஒருவர். புதிதாக வந்து இறங்கும் வணிகருக்குத் தன் பேச்சைப் புரிந்துகொள்ளும் அதிகாரி கரையிலேயே கிடைத்தார். இடத்தின் வாய்ப்பு இயற்கை கொடுத்தது. அந்த நாற்காலிகளை அரசு போட்டது.

கிட்டத்தட்ட இதே விஷயத்தை நம் காலத்தில் சோதித்துப் பார்த்ததுபோல் ஒன்று நடந்தது. 1975-ல் தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் வட வியட்நாமிடம் வீழ்ந்ததும் ஏறத்தாழ 1,30,000 வியட்நாமியர்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். ஒரே இடத்தில் சுமை விழக் கூடாது என்று அரசு அவர்களைப் பல மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பியது. அப்போது வியட்நாமோடு வணிகம் செய்ய அமெரிக்காவில் தடை. எனவே வணிக வாய்ப்பைப் பார்த்து அவர்கள் குடியேறியிருக்க வாய்ப்பே இல்லை. தடை 1994-ல் நீங்கியது. பிறகு எந்த மாநிலங்களில் வியட்நாமியர் அதிகமாக இருந்தார்களோ அங்கிருந்து வியட்நாமுக்கு ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது என்று பார்சன்ஸ், வெசினா ஆகிய இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடல் தூரம் மாறவில்லை. அந்தக் கரையில் யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்தவர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

உறவு கதவையும் சாத்தும்

இதையெல்லாம் படித்துவிட்டு உறவும் பழக்கமும் எப்போதும் நல்லதே செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. நம்மவருக்குள் நம்பிக்கை இறுக இறுக வெளியாள் உள்ளே வருவது கடினமாகும். மக்ரிபி வணிகர்களின் கூட்டத்தில் புதியவர் சேர வழி கிட்டத்தட்ட இல்லை. அதே காலத்தை ஒட்டி வளர்ந்த இத்தாலியின் ஜெனோவா நகர வணிகர்கள் முன்பின் தெரியாதவரோடும் ஒப்பந்தம் போட்டு, தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போனார்கள். செலவு பிடித்த வழிதான். ஆனால் அதில் ஆள் பஞ்சம் வராது என்பது கிரைஃபின் வாதம்.

தனிமனித வாழ்விலும் இதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் 2022-ல் 2,100 கோடி ஃபேஸ்புக் நட்புகளை வைத்து ராஜ் செட்டி குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏழைக் குழந்தைகள் வளர்ந்து முன்னேறுவதோடு மிக நெருக்கமாக ஒத்துப்போனது, அந்த வட்டாரத்தில் ஏழைகளும் வசதியானவர்களும் எவ்வளவு கலந்து பழகுகிறார்கள் என்பதே. வசதியான வீட்டுக் குழந்தைக்குச் சராசரியாகக் கிடைக்கும் அளவுக்கு அந்தப் பழக்கம் ஏழைக் குழந்தைக்கும் கிடைத்தால், பெரியவரான பின் வருமானம் சராசரியாக 20 விழுக்காடு கூடும் என்பது அவர்கள் கணிப்பு. ஒரே வட்டத்துக்குள் நட்பு எவ்வளவு அடர்த்தி என்பது அந்த அளவுக்குப் பொருட்படவில்லை.

புவியியலும் உறவும் சேர்ந்து நாசம் செய்த கதை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை. கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பது வணிகத்துக்கு வரம் என்று மேலே சொன்னேன். அங்கே அதே கடல் வழியாகத்தான் அடிமைக் கப்பல்கள் வந்தன. மூன்றரை நூற்றாண்டுகளில் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேரை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஏற்றிப் போனார்கள். பிடித்துக் கொடுத்தவர்களில் அண்டை ஊர்க்காரர்களும் இருந்தார்கள், சில நேரம் சொந்தபந்தமும். யாரை நம்பினால் யார் விற்றுவிடுவார்கள் என்று தெரியாத நிலை. நேதன் நன், லியோனார்ட் வான்ட்செகான் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், முன்னோர்கள் இந்த வேட்டைக்கு அதிகமாக ஆளான இனக்குழுக்களில் இன்றும் அக்கம்பக்கத்தார் மீதும் உறவினர் மீதும்கூட நம்பிக்கை குறைவாக இருப்பது தெரிந்தது. இன்னொரு ஆய்வு இதற்கு மறுபக்கம். கரடுமுரடான மலைப்பகுதி பொதுவாக வருமானத்தைக் குறைக்கும். ஆப்பிரிக்காவில் மட்டும் அதற்கு எதிர்விளைவும் இருந்தது, ஏனென்றால் அடிமை வேட்டைக்காரர்களால் அங்கே எளிதில் ஏற முடியவில்லை. ஓர் இடம் நல்லதா கெட்டதா என்பது அங்கே யார் எதற்கு வந்தார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

இணையம் வந்த பிறகு இந்தக் கணக்கெல்லாம் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஈபே என்ற இணையச் சந்தை பற்றிய ஓர் ஆய்வைச் சொல்லலாம். 61 நாடுகளுக்கு இடையே அந்தத் தளத்தில் நடந்த விற்பனையையும், அதே நாடுகளுக்கு இடையே வழக்கமான வழியில் நடந்த வணிகத்தையும் ஒப்பிட்டார்கள். ஈபேயில் தூரத்தின் பாதிப்பு சராசரியாக 65 விழுக்காடு குறைவு. அங்கே விற்பவர் யாரென்று வாங்குபவருக்குத் தெரியாது. ஆனால் அவரிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரியும். ஃபுஸ்டாட்டுக்குப் போன கடிதங்கள் சொன்ன அதே செய்திதான், நட்சத்திரக் குறிகளாக. பொட்டலத்தை மட்டும் இன்னும் யாராவது சுமந்துகொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.